அடாப்டர் பின் பொருந்தினால் போதாது

ரங்கூன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கால்வலி குறைந்ததைப் படித்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமலேயே நாள் ஓடுகிறது. அதனால் கடையில் ரிப்பேர் வேலைக்குக் குறைவில்லை.

வைஃபை பெட்டிக்குச் சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓட வைக்கும் பேட்டரிப் பெட்டி) வாங்கியிருக்கிறேன், அதன் வயர் முனையிலுள்ள பின் சரியாகப் பொருந்துகிறது, மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு.

போன மாதம் பஜனைக்கு வாசிக்கும் கீபோர்டு ஒன்று கடைக்கு வந்தது. அதன் அடாப்டர் தொலைந்துபோக, வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரைச் சொருகியிருக்கிறார்கள். பின் கச்சிதமாக நுழைந்திருக்கிறது. மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் ஒன்று தலை வெடித்து, உள்ளே சுருட்டியிருந்த தாள் வெளியே வந்து கிடந்தது. கீபோர்டுக்கு வேண்டியது 9 வோல்ட், அதுவும் பின்னின் நடுத்துளையில் மைனஸ், வெளி உருளையில் பிளஸ். அந்த அடாப்டரில் நடுவில் பிளஸ்.

சொருகிய பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 5.5 மில்லிமீட்டர் உருளைப் பின்னை 5 வோல்ட்டுக்கும் வைக்கிறார்கள், 12க்கும் வைக்கிறார்கள், 19க்கும் வைக்கிறார்கள். அடாப்டரைப் பெரும்பாலும் வேறு ஆலையிலிருந்து ரெடிமேடாக வாங்குவதால், அதில் வரும் மலிவான பின்னுக்கு ஏற்றபடியே சாமானில் துளை வைத்துவிடுகிறார்கள்.

நடுவில் மைனஸ் வைப்பதற்கும் காரணம் உண்டு. கிட்டார் ஓசையை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டி இருக்கிறதே, அந்தப் பெடலைப் பார். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். அடாப்டரைச் சொருகியதும் பேட்டரியைத் துண்டிக்கிற சுவிட்ச், துளையின் வெளிப்பக்கத் தகட்டோடு சேர்ந்தது. பேட்டரியின் மைனஸை கிட்டார் வயர் சொருகும் இடத்திலேயே ஏற்கெனவே சேர்த்துத் துண்டிப்பதால், வெளித்தகட்டுக்குப் பிளஸைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சுவிட்சை மிச்சப்படுத்திய அந்த ஏற்பாடு, இன்றைக்கும் பெடல்களில் வழக்கமாக நிற்கிறது.

ஒரே பின் பல வோல்ட்டுக்கும் வரும் குழப்பத்துக்கு ஜப்பான்காரர்கள் நல்ல வழி கண்டார்கள். 3.15 வோல்ட் வரை ஒரு அளவு, 6.3 வரை ஒன்று, பிறகு 10.5, 13.5, 18 என்று ஐந்து பின்கள். எல்லாவற்றிலும் நடுவில் பிளஸ். எல்லோரும் அதைக் கடைப்பிடித்திருந்தால் அந்தக் கீபோர்டு பிழைத்திருக்கும். யூஎஸ்பி சி இன்னும் மேல். முதலில் 5 வோல்ட்தான் வரும்; சாமான் கேட்டு, சார்ஜர் ஒப்புக்கொண்ட பிறகே ஏறும். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் புதிய போன்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் வீடுகளில் உருளைப் பின் இன்னும் பல வருஷம் இருக்கும்.

வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார். வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்கும். பக்கத்தில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வளையமும் வரைந்திருப்பார்கள். புள்ளியோடு சேர்ந்த குறிதான் நடுப்பக்கம். யூபிஎஸ்ஸின் வோல்ட் அதோடு ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. வயரை வெட்டி ஒட்டுவதானால் வெள்ளைக் கோடு போட்டதுதான் பிளஸ் என்று நம்பிவிடாதே, மீட்டர் வைத்துப் பார். பின் உள்ளே போய் ஆடினால் அது 2.1 மில்லிமீட்டர் நடுத்துளைக்குப் பதில் 2.5 மில்லிமீட்டர் துளை உள்ள பின். தொடர்பு விட்டுவிட்டு வரும், சூடேறும்.

இந்தச் சின்ன யூபிஎஸ்களில் 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே மாதிரித் துளையாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாட்டுவதற்கு முன்னால் இரண்டின் சீட்டையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் நண்பன்