கண்ணில் கறுப்புப் பட்டை, கீழே பள்ளிக்கூடத்தின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பக்கத்துப் பைக் திருட்டுச் செய்தியில், "16 வயதுச் சிறுவனுக்கு ஜாமீன் மறுத்த நீதிபதி, சிறையில் அடைக்க உத்தரவிட்டார்" என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் இத்தனை பிழையை அடக்குவதும் ஒரு திறமைதான்.

18 வயதுக்குட்பட்டோர் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் உட்காருவது தனியொரு நீதிபதி அல்ல. முதன்மை நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர், சமூகப்பணி உறுப்பினர் இருவர். அந்த இருவரில் ஒருவராவது பெண். இவர்களே நினைத்தாலும் பையனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம்தான். ஜாமீன் விஷயத்திலும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும்: இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் மறுக்கலாம். காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். அந்தக் காரணம் உங்கள் செய்தியில் இல்லை. திருடுபோன பைக் என்ன கம்பெனி, என்ன நிறம் என்பது இருக்கிறது!

16 வயதானாலே பெரியவர்களைப்போல விசாரிக்கலாம் என்று முன்பொரு தலையங்கமும் எழுதினீர்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்றுள்ள கொடுங்குற்றங்களுக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு. அதற்கும் முதலில் குழுமம் பையனின் மனநிலையையும் விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் மதிப்பிட வேண்டும். பைக் திருட்டு இதில் வரவே வராது.

நீங்கள் எழுத வேண்டியவை வேறு. பையனின் முகத்தைப் பார்த்தே "வயது 19" என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டால், பள்ளிச் சான்றிதழுக்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு அலைவது அம்மாதான். வயதுக்கு ஆதாரம் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்பு எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேயும் ஓரிரு வருடம் முன்னே பின்னே காட்டும். பையனின் குடும்பச் சூழலைச் சொல்லும், நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும், வராவிட்டால் வாய்தா. உறுப்பினர் நாற்காலிகள் இரண்டும் காலியென்றால் இறுதி உத்தரவும் இல்லை, ஏனென்றால் அதற்கு நடுவரோடு இன்னொருவராவது வேண்டும். நாலு மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை இப்படித்தான் இழுக்கிறது. இதையெல்லாம் என்றைக்காவது மூன்றாம் பக்கத்தில் பார்த்திருக்கிறோமா?

படத்தில் பையனின் கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டு, கீழே பள்ளியின் பெயர், வகுப்பு, அப்பா டீக்கடை போட்டிருக்கும் தெரு எல்லாவற்றையும் அச்சிட்டிருக்கிறீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 74ஆம் பிரிவு. தங்களுக்குத் தெரியாததா?

'சிறை' என்பதைக் 'கூர்நோக்கு இல்லம்' என்று திருத்தி நாலு வரி போடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து படத்தையும் பள்ளி, தெருப் பெயர்களையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்