பிள்ளைகளின் முரட்டுத்தனம்: வயதை விட்டுவிட்ட கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் முரட்டுத்தனம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, "பாதி மரபணு, பாதி வளர்ப்பு" என்ற ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. எந்த வயதில் என்று கேட்காமல் அப்படிச் சொல்வது பெற்றோரைக் குழப்பவே செய்யும்.

ஒத்த இரட்டையரையும் ஒத்திராத இரட்டையரையும் ஒப்பிடும் இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வரும் அந்த 50 சதவீதம், பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கே தவிர, ஒரு பிள்ளையின் கோபத்தில் பாதி பரம்பரையாக வந்தது என்று அதற்குப் பொருளில்லை. வயதைப் பொறுத்தும், பிள்ளையின் நடத்தையைப் பற்றிச் சொல்பவர் தாயா ஆசிரியரா என்பதைப் பொறுத்தும் அந்த எண் மாறக்கூடியது.

கனடாவின் மாண்ட்ரியலில் உளவியலாளர் ரிச்சர்ட் டிரெம்ப்ளே குழுவினர் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளின்படி, அடிப்பதும் கடிப்பதும் தள்ளிவிடுவதும் உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய 2 முதல் 4 வயதுக்குள். பேச்சு வளர்ந்து, பொறுத்திருக்கவும் பழகிய பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் அது தணிந்துவிடுகிறது. ஆகவே, முரட்டுத்தனம் எப்படி வந்தது என்பதைவிட, சிலரிடம் மட்டும் ஏன் தணியவில்லை என்பதே முக்கியமான கேள்வி.

விளையாட்டை நிறுத்தச் சொன்னதும் பிள்ளை கத்துகிறது; பெற்றவர் அதட்டுகிறார்; கையிலிருந்த பொம்மை சுவரில் போய் விழுகிறது; "என்னவோ செய், போ" என்று அவர் அலுத்து விலகுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளையும், விட்டுக்கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று பெற்றவரும் அந்த நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விவரித்த இந்தச் சுழலில், மரபணு எது, வளர்ப்பு எது என்று கோடு கிழிக்க முடியாது. எளிதில் சினம் கொள்ளும் இயல்போடு பிறந்த பிள்ளைக்கே கடுமையான கண்டிப்பும் அதிகம் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் தாயையே குற்றவாளியாக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டுரையாளர் பெரிதாக எழுதிய "போர்வீரர் மரபணு" எனும் எம்ஏஓஏ (மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு) பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் டுனெடினில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அதன் செயல்திறன் குறைந்த வடிவம் சமூகவிரோத நடத்தையோடு தொடர்புற்றது, முக்கியமாகச் சிறுவயதில் கொடுமைக்கு ஆளான ஆண்களிடம்தான். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே மாதிரி உறுதிசெய்யவும் இல்லை. எண்ணற்ற மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செயல்படும் இடத்தில், ஒன்றை மட்டும் பிடித்துப் பெயர் சூட்டுவது பத்திரிகைக்கு வசதி, அவ்வளவே.

"பிறவிக் குணம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற கட்டுரையின் அறிவுரைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மேற்சொன்ன சுழலை உடைக்கப் பெற்றோருக்குத் தரப்படும் பயிற்சி, சிறுவயதிலேயே தொடங்கினால் பலன் தருகிறது என்பது பலமுறை சோதித்து அறியப்பட்டது. அதைப் பற்றித் தங்கள் இதழ் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்