தமிழ் இணையதளங்களைக் கட்டுபவர்களுக்கு: உங்கள் பொத்தான்கள் என் குரலுக்கும் எட்டட்டும்

அன்புள்ள டெவலப்பர்களே, டிசைனர்களே,

தமிழில் இணையதளம் கட்டுகிற எல்லோருக்கும்தான் இந்த மடல், குறிப்பாக அரசுத் துறைகளுக்கும் வங்கிகளுக்கும் வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு. தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து என் விரல்களால் தொடுதிரையைப் பயன்படுத்த முடிவதில்லை, எல்லாம் குரலில்தான். ஆண்ட்ராய்டில் வாய்ஸ் ஆக்சஸ் என்ற குரல்வழிச் செயலி வைத்திருக்கிறேன். ஐபோனிலும் மேக்கிலும் 2019 முதல் வாய்ஸ் கன்ட்ரோல் இருக்கிறது. 'ஸ்க்ரோல் டவுன்' என்றால் பக்கம் இறங்கும், பொத்தானின் பெயரைச் சொன்னால் அதுவே அழுத்திக்கொள்ளும். மின்கட்டணம் கட்ட, செய்தி படிக்க, யாரையும் கூப்பிடாமல் இருக்க முடிவது எனக்குப் பெரிய விஷயம்.

தமிழ்ப் பக்கத்துக்குப் போனால்தான் திண்டாட்டம். தமிழில் பேசித் தட்டச்சு செய்ய கூகுள் 2017-லேயே வழி செய்துவிட்டது, ஆனால் கட்டளைகளை நான் ஆங்கிலத்தில்தான் கொடுக்கிறேன், அதனால் 'விண்ணப்பிக்க' என்று எழுதியிருக்கும் பொத்தானைப் பெயர் சொல்லி அழைக்க வழியில்லை. எண்களைத்தான் நம்பியிருக்கிறேன். அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண் தோன்றும், அந்த எண்ணைச் சொன்னால் போதும். எண் எதற்கு வரும், எதற்கு வராது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. எச்டிஎம்எல்லில் பட்டன், லிங்க் என்றே எழுதினால் வந்துவிடும். அப்படி எழுதாமல் டிவ் என்ற வெறும் பெட்டிக்கு நிறம் அடித்து, ஜாவாஸ்கிரிப்டில் கிளிக்கை மாட்டிவிட்டால், பார்க்கப் பொத்தான் மாதிரியே இருக்கும், பல நேரம் எண் மட்டும் வராது.

பிறந்த தேதிக் கட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது கட்டத்தில் தேதியை எழுத முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள், காலண்டரில்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். காலண்டர் இந்த மாதத்தில் திறக்கிறது, நான் பிறந்தது 1984-இல், ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போக ஒரு குட்டி அம்புக்குறி, அதற்கும் எண் வரவில்லை. அப்புறம் 'ஷோ கிரிட்' சொல்லித் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அம்புக்குறி இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லி அழுத்தி, மறுபடி அழுத்தி, மறுபடி அழுத்தி... பாதி தூரம் போவதற்குள் நேரம் முடிந்து பக்கம் வெளியே தள்ளிவிட்டது. அந்தத் தேதிக் கட்டத்தில் பேசி எழுத விட்டிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும்!

இன்னொன்று, திரையில் தெரியும் பெயரும் கோடுக்குள் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருப்பது. திரையில் 'தேடு' என்று இருக்கும், உதவி மென்பொருளுக்காகக் கோடில் எழுதும் ஏரியா லேபிளிலோ டெம்ப்ளேட்டோடு வந்த ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் அப்படியே கிடக்கும். குரல் மென்பொருள் கோடில் இருப்பதைத்தான் பார்க்கும். நாளைக்கே தமிழ்க் கட்டளைகள் வந்தாலும் நான் 'தேடு' என்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். இணையதளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுவதற்காக 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறையில் 2.5.3 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. அது 'ஏ' நிலை விதி, அதாவது குறைந்தபட்சத் தேவை.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆவது பிரிவு தகவல் தொழில்நுட்பம் எங்களுக்கும் எட்டவேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களால் இ-கேஒய்சி என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்புக்குக் கேமரா முன் கண் சிமிட்ட முடியவில்லை என்ற வழக்கும், பார்வையற்றவர் ஒருவரின் வழக்கும் சேர்ந்துதான் அந்தத் தீர்ப்பு வந்தது. உங்கள் மேலாளர் 'இதெல்லாம் அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்' என்றால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. தளத்தை வெளியிடுவதற்கு முன்னால் ஓர் ஆண்ட்ராய்டு போனில் வாய்ஸ் ஆக்சஸை இன்ஸ்டால் செய்யுங்கள், இலவசம்தான். போனை மேசையில் வைத்துவிட்டு, கையால் தொடாமல், உங்கள் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பி அனுப்புங்கள், ஓடிபியும் சேர்த்து. எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே சரி செய்யுங்கள். தேதிக் கட்டத்திலிருந்து தொடங்கினால் ரொம்ப நல்லது.