வன்னிக்கு முதன்முறை வருவோருக்கு வழி காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. திருமணமாகி நுவரெலியாவிலேயே தங்கிவிட்ட என் அக்காவின் மகன், தன் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் கடந்த ஆனி மாதத்தில் முதன்முறையாக வன்னியைப் பார்க்க வந்திருந்தார். கொழும்பிலிருந்து இரவுத் தபால் புகையிரதத்தில் வந்து விடியுமுன் இறங்கியவர்கள், நான் போய்ச் சேரும்வரை எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று அறியாமல் நிலையத்து வாங்கிலேயே இருந்தார்கள்.

1990 இல் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தபோது பார்க்கக் கூடியவர்களில் நானும் ஒருவன். இனி ஊருக்கு ஆட்கள் வருவார்கள் என்று அன்று மகிழ்ந்தேன். ஆனால், வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம் போகும் வழியில் எங்களை யன்னலால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்குகிற சிலரும், என் மருமகனைப் போல, தொலைபேசியில் தேடி முதலில் கண்ணில் படும் போர்ச் சின்னங்களோடு திரும்பிவிடுகிறார்கள். இழப்பு எங்கள் வீட்டிலும் உண்டு. அதை மறக்கும்படி யாரையும் கேட்கமாட்டேன். ஆயினும் இந்த மண்ணை முதன்முறை மிதிக்கும் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது குளம் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் அன்று காலை அவர்களை நேரே இரணைமடுக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றேன். தேயிலை மலைகளுக்கு நடுவே வளர்ந்த சின்னவன், மறுகரை தெரியாத நீரைக் கண்டு, “தாத்தா, இது கடலா?” என்று கேட்டான். இரணை என்றால் இரட்டை, இரண்டு மடுக்கள் சேர்ந்த இடத்துக்கே இந்தப் பெயர் என்றும், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கியது என்றும், சிறுபோக வயல்களுக்கு வாய்க்காலில் ஓடும் தண்ணீர் இங்கிருந்தே போகிறது என்றும் சொன்னேன். வீதியோரத்தில் வாங்கிய பாலைப்பழத்தின் பால் பிள்ளைகளின் உதட்டில் பசையாய் ஒட்டிக்கொள்ள, அதை நாக்கால் வழித்தபடியே இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரம் என்று சுற்றி, மாங்குளத்தில் ஏ9 வீதியைப் பிடித்து இரவு வீடு திரும்பினோம். பேருந்துகளின் நேரத்தை விசாரித்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னதால், வேறு வழியின்றி வாடகைக்கு வான் பிடிக்க வேண்டியதாயிற்று. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்ற கற்சிலைமடுவை, வெளியூர்ச் சாரதி அறியாமல் கடந்து போய்விட்டார். இருட்டும் முன் அவரைத் திருப்பிக் கூட்டிவர நான் பட்ட பாடு பெரிது. அதைவிட, மருமகள் ஒரு மலசலகூடத்துக்காக மூன்று இடங்களில் வானை நிறுத்தச் சொல்லி, கடைசியில் முன்பின் அறியாத ஒரு வீட்டுப் படலையில் நின்று கேட்க நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அந்த வீட்டு அம்மா முகம் கோணாமல் உள்ளே அழைத்துத் தேநீரும் கொடுத்தார்.

உள்ளூராட்சி மன்றங்களையும் உரிய திணைக்களங்களையும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா புகையிரத நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும், பார்க்கத்தக்க இடங்களையும் அவற்றின் தூரத்தையும் பேருந்து நேரங்களையும் மும்மொழியிலும் காட்டும் வரைபடப் பலகை ஒன்றை வையுங்கள். இடையிடையே பெண்கள் தயங்காமல் போகக்கூடிய மலசலகூடங்களை அமைத்து, அவற்றை நாள்தோறும் துப்புரவாக வைத்திருங்கள். இதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. வேலையின்றி இருக்கும் எங்கள் இளைஞர்களில் சிலருக்கு ஊர் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்து வழிகாட்டிகளாக்கினால், அவர்களுக்கும் ஒரு வருமானம் கிடைக்கும்.

மார்கழி விடுமுறையில், குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க மீண்டும் வருவதாகப் பிள்ளைகள் சொல்லிப் போயிருக்கிறார்கள். அதற்குள் நிலையத்து வாசலில் அந்தப் பலகையாவது நிற்க வேண்டும்.

இங்ஙனம்,
மூத்த வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.