இடது குழல்

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 18

அன்புள்ள இசக்கி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. "இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே" என்கிறாள் வீட்டில். எனக்கோ காது மந்தம். துப்பாக்கி, தோட்டா என்று நான் திண்ணையில் உட்கார்ந்து கத்திப் பேசினால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? கடிதம்தான் சரி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பாபநாசத்தில் தண்ணீர் நன்றாக ஏறுகிறது, பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாயிற்று. அப்பளம் போடுகிறவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் முழங்காலும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. உன் மகளுக்கு இரண்டாவதும் பெண் என்று படித்ததும் இவள் உடனே போய் அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

சரி, மாப்பிள்ளை விஷயம்.

பட்டாளத்திலிருந்து வந்த கையோடு கன்மேன் வேலை கிடைத்தது நல்லதுதான். சொந்த உரிமமும் சொந்தத் துப்பாக்கியும் இருந்தால் சம்பளம் கூடுதல் என்பது எனக்கும் தெரியும், நானும் அப்படித்தானே போனேன். புது இரட்டைக்குழல் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இடது குழல் மூன்றுக்கு ஒரு தரம் சுட மறுக்கிறது, கடைக்காரர் "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. செருப்பு போகப் போகச் சரியாகும். துப்பாக்கி போகப் போகத் தேயும். சுடாத துப்பாக்கி தேய்ந்தா சுட ஆரம்பிக்கும்?

உனக்கு நான் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. வெட்கத்தால் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தவன் ஏமாந்தான் என்றால் யார் மதிப்பான்?

2009-ல் நான் வாங்கியதும் புதுசுதான், அதே '12 போர்' அளவுக் குழல் வைத்த இரட்டைக்குழல். கம்பெனி பெயரும் கடை பெயரும் வேண்டாம், விடு. கடையில் பார்த்தபோது பளபளவென்று இருந்தது. கட்டையில் வார்னிஷ் வாசனை. நான் செய்த முதல் தப்பு, அந்தப் பளபளப்பைப் பார்த்து ஒரு நிமிஷம் ஆர்மரராக இல்லாமல் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தால், உள்ளே லோகத்தூளும் எண்ணெயும் கலந்து விபூதி குழைத்த மாதிரி கிடக்கிறது. செய்தவன் துடைக்கவில்லை. துடைக்காதவன் பார்க்கவும் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அனுமதி வாங்கி ரேஞ்சில் சுடப் போனோம். வலது குழல் வெடித்தது. இடது குழல் 'டக்' என்றது, அவ்வளவுதான். பழக்க தோஷத்தில் குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு முப்பது எண்ணினேன். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு, உடனே திறந்தால் முகத்தில்தான் வெடிக்கும். மாப்பிள்ளைக்கு இதை மறக்காமல் சொல். பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் சிவில் உடுப்புப் போட்டதும் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு இரண்டு தோட்டாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடியில், குத்தினால் தீப்பற்றும் கேப் இருக்கிறதே, வலது குழல் தோட்டாவில் அதன்மேல் மிளகு புதைந்த மாதிரிக் குழி. இடது குழலில் கடுகு தொட்ட மாதிரி ஒரு தடம். தோட்டாவின் மேல் தப்பில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்பிரிங்குக்கு வலு பத்தவில்லை, அல்லது கேப்பைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் குட்டை, அல்லது தோட்டா உட்காரும் இடம் ஆழமாகிப் பின்னுக்கு எட்டாமல் போகிறது. மூன்றில் எதுவென்று கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் போதும்.

ஆனால் கை வைக்க முடியாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஐந்தாம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் மட்டுமா தடுக்கிறது? பழுது பார்ப்பதையும் சேர்த்துத்தான். எண்ணெய் போட்டுத் துடைக்கலாம், அதற்கு மேல் கூடாது. சர்க்கார் துப்பாக்கியை எத்தனை ஆயிரம் பிரித்துப் பூட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. என் துப்பாக்கியில் ஒரு அரம் போட நான் குற்றவாளி. சட்டம் சரிதான், நான் குறை சொல்லவில்லை, இல்லாவிட்டால் ஊர் ஊருக்குப் பட்டறை திறந்துவிடுவார்கள். ஆனாலும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

கடை வழியாகத் திருப்பி அனுப்பினேன். நாலு மாதம். அதுவரை ஏஜென்சிக்காரர் என்னைக் கம்பு பிடிக்கும் காவலாளியாக மாற்றிச் சம்பளத்தில் கை வைத்துவிட்டார். துப்பாக்கி இல்லாத கன்மேனுக்கு எதற்குக் கன்மேன் சம்பளம் என்றார், நியாயம்தானே. திரும்பி வந்தபோது ஒரு சீட்டு கட்டியிருந்தது: சோதித்துச் சரிபார்க்கப்பட்டது, கையெழுத்து, முத்திரை. மறுபடி ரேஞ்ச். வலது வெடித்தது. இடது, டக்.

அந்தச் சீட்டை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

நம் ஆள்கள் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. குழலில் புரூஃப் முத்திரை இருக்கிறதே, சோதிக்காமலா விற்பார்கள் என்பார்கள். புரூஃப் சோதனை எதற்கு? வழக்கமான அழுத்தத்தைவிடக் கால் பங்கோ அதற்கு மேலோ கூடுதலாக வரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பது. குழல் வெடிக்கவில்லை, குழலை மூடும் பூட்டு அகலவில்லை என்றால் முத்திரை குத்துவார்கள். பர்மிங்ஹாமில் 1813-லிருந்து இதற்கென்றே 'புரூஃப் ஹவுஸ்' என்று ஒரு சோதனைக் கூடம் இருக்கிறது. ஆக அந்த முத்திரை சொல்வது, இது உன்னைக் கொல்லாது என்பது மட்டும்தான். வேண்டிய நேரத்தில் சுடும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஆள். அந்த ஆளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கேஜ் என்கிற அளவுக்கட்டையை உள்ளே விட்டுப் பார்க்கிறோம் என்பார்கள். நாம் பார்க்காத கேஜா? ஒன்று புகுந்தால் சரி, மற்றது புகாவிட்டால் சரி. ஆனால் கேஜும் இரும்புதானே, நாளைக்கு நூறு தரம் உள்ளே விட்டு எடுத்தால் அதுவும் தேயும். புக வேண்டிய கேஜ் தேய்ந்துவிட்டால், அளவு குறைந்த துப்பாக்கியும் பாஸ். அப்புறம் ஃபயரிங் பின்னைச் சூடேற்றிப் பதம் போடுவதும் அப்படி. பதம் கூடினால் முறியும், குறைந்தால் நுனி காளான் மாதிரி மழுங்கும். ஒரு உலையில் போட்டதில் இரண்டை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த இரண்டு உலையின் நடுவில் கிடந்ததா, ஓரத்தில் கிடந்ததா என்று யார் கேட்கிறார்கள்?

இது நம் நாட்டுச் சீக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. வெள்ளைக்காரன் 1985-ல் தன் பட்டாளத்துக்கு எஸ்.ஏ.80 என்ற ரைஃபிளைக் கொடுத்தான். எத்தனை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த என்ஃபீல்டு தொழிற்சாலையை 1988-ல் மூடி, வேலையை நாட்டிங்ஹாமுக்கு மாற்றினார்கள். வளைகுடாப் போரில் மணலில் அது அடைத்துக்கொண்டது. 1997-ல் நேட்டோ தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. கடைசியில் ஜெர்மன் ஹெக்லர் அண்ட் காக் கம்பெனியைக் கூப்பிட்டு, ஒன்பது கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து, பட்டாளத்தின் ரைஃபிள்களைத் திருத்தி வாங்கினார்கள். லீ என்ஃபீல்டு செய்த ஊர்க்காரர்கள்! அமெரிக்காக்காரன் கதை அதைவிட மோசம். வியட்நாமில் எம்.16 கொடுத்தபோது, எந்த வெடிமருந்துக்காக ரைஃபிளை வடிவமைத்தார்களோ அந்த மருந்தை மாற்றிவிட்டார்கள். குழலில் குரோம் பூசவில்லை. துடைக்கவே வேண்டாத துப்பாக்கி என்று சொல்லி, துடைக்கும் சாமானும் போதிய அளவு கொடுக்கவில்லை. காலிக் கூடு உள்ளே சிக்கிக்கொண்டு, கம்பி விட்டுக் குத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதே பையன்கள் செத்தார்கள். 1967-ல் அவர்கள் பாராளுமன்றக் குழுவே விசாரித்தது. நம் பட்டாளத்து இன்சாஸ் ரைஃபிளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம், கார்கில் குளிரில் தோட்டா அடைக்கிற மேகசின் விரிசல் விட்டதைப் பேப்பரிலேயே எழுதினார்கள்.

ஆனால் பட்டாளத்துக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஆயிரம் பேர் சுடுகிறார்கள், குறை நாலு நாளில் வெளியே வரும். புதுசு வாங்கினால் முதலில் இருநூறு தோட்டா சுட்டுப் பார், பிறகு நம்பு என்று வெளிநாட்டில் சொல்வார்கள். நம்மிடம் தோட்டா உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைதான், சுட இடமும் லேசில் கிடைக்காது. செய்தவன் பார்க்க வேண்டியதை வாங்கினவன் தலையில் கட்டிவிட்டான், வாங்கினவனுக்கோ பார்க்க வழியில்லை. அதனால்தான் எத்தனையோ வாசலில் பத்து வருஷமாகச் சங்கிலி போட்டு நிற்கிற துப்பாக்கி சுடுமா சுடாதா என்று யாருக்குமே தெரியாது. தெரிய வேண்டிய நாள் வராமலே ஓடிவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

நம் ஊர் கொல்லரிடம் அரிவாள் வாங்கினால் எப்படி? சுண்டிப் பார்ப்போம், ஓசை கேட்போம், பட்டறை வாசலிலேயே ஒரு பனைமட்டையை வெட்டிப் பார்ப்போம். வாய் மடிந்தால் அவர் முன்னாலேயே போட்டுவிட்டு வருவோம். மறுநாள் அவர் அதே தெருவில்தான் டீ குடிக்க வேண்டும். துப்பாக்கி செய்தவனை நானும் நீயும் எந்தத் தெருவில் போய்ப் பார்க்க?

ஒரு பழசைப் பற்றிச் சொல்கிறேன். மேலத் தெருவில் ஒருவர் வீட்டில் தாத்தா காலத்துப் பர்மிங்ஹாம் இரட்டைக்குழல் இருக்கிறது. மலைமேல் எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். மூடினால் நல்ல பீரோ கதவு சாத்துகிற சத்தம். அந்தக் காலத்தில் விளக்குப் புகையில் இரும்பைக் காட்டிக் கரி பிடிக்கவைத்து மூடிப் பார்ப்பார்கள், கரி எங்கே அழிகிறதோ அங்கே மட்டும் அரம் ஓடும். இப்படி நூறு தரம். அந்தப் பொறுமைக்குத்தான் துரை காசு கொடுத்தான். மணியாச்சியில் லீவுக்கு வண்டி மாறும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்துப் பிரவுனிங். அது மட்டும் என் இடது குழல் மாதிரி 'டக்' என்றிருந்தால் ஆஷ் துரை கொடைக்கானல் போய்ச் சேர்ந்திருப்பார்.

என் கதை எப்படி முடிந்தது என்று கேட்பாய். இரண்டாவது தரம் அனுப்பும்போது கடுகும் மிளகுமான அந்த இரண்டு தோட்டாவையும் போட்டோ எடுத்து, ரேஞ்ச் தேதி, எத்தனை சுட்டோம், எத்தனை சுடவில்லை என்று ஒரு தாளில் எழுதி, பதிவுத் தபாலில் நேராகத் தொழிற்சாலைக்கே போட்டேன். மூன்று வாரத்தில் சுடும் பூட்டையே மாற்றிக் கொடுத்தார்கள். வேலை தெரிந்தவன் எவனோ ஒருவன் உள்ளே இருந்திருக்கிறான், அந்தக் குழியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்திருக்கும். பிறகு பதின்மூன்று வருஷம் ஒரு தரம்கூட மிஸ் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு தரம் இடது விசையை இழுக்கும்போதும் எனக்கு நெஞ்சு ஒரு நொடி நின்றுதான் ஓடியது.

மாப்பிள்ளையும் அதையே செய்யட்டும். கடைக்காரரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். சுடாத தோட்டாக்களைத் தேதி போட்டு எடுத்து வைக்கட்டும். அதோடு இன்னொன்றையும் பார்க்கச் சொல், இதுதான் எனக்கு அதிகக் கவலை: காலியாக இருக்கும்போது, குழலைத் திறந்து இரண்டு தரம் உறுதி செய்துகொண்டு, மூடிவிட்டு, கட்டையைத் தரையில் விரித்த சாக்கின்மேல் லேசாகத் தட்டினால் உள்ளே பின்னை அடிக்கிற குதிரை தானாக விழுகிறதா? விழுந்தால் அதைத் தோட்டாவோடு தொடவே கூடாது, அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுடாத துப்பாக்கியால் வேலைதான் போகும். தானாகச் சுடுகிற துப்பாக்கியால் என்ன போகும் என்று உனக்கே தெரியும்.

பழசு வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். நல்லது கிடைத்தால் நான் பழசுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் பழைய இங்கிலீஷ் துப்பாக்கி பலதில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது 70 மில்லிமீட்டர் தோட்டா சாதாரணம். வாய் மடித்திருப்பதால் உள்ளே சுகமாகப் போய் உட்காரும், வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தைப்பொங்கலுக்கு மதுரையிலிருந்து எல்லாருமாக வருகிறோம் என்று எழுதியிருக்கிறாய். துப்பாக்கியையும் கொண்டுவருவதானால் உரிமத்தில் எல்லை மாவட்டத்துக்கு மட்டுமா, மாநிலம் முழுவதுமா என்று முதலில் பார்க்கச் சொல். மாவட்டம் மட்டும் என்றால் அது அங்கேயே இருக்கட்டும், அந்தச் சுடாத தோட்டாக்களைப் போட்டோ எடுத்து மட்டும் கொண்டுவா. அது போதும் எனக்கு. சின்னவளுக்கு அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரரிடம் மரச் சொப்பு சொல்லி வைத்திருக்கிறேன், பெரியவள் சண்டைக்கு வருவாள் என்று இரண்டு செட்டாகவே.

உன்,
சுடலைமுத்து