செயலாளர் ஆண்டறிக்கை: பண்டிகை சீசன்ல நம்ம கடைக்காரங்களுக்காக செஞ்சதும் விட்டதும்

தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், இங்க வந்திருக்கிற உறுப்பினர்கள், வர முடியாம இதை குரூப்ல படிக்கப் போறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமா ஆண்டறிக்கைன்னா எத்தனை கூட்டம் போட்டோம், என்ன தீர்மானம் போட்டோம்னு வரிசையா வாசிச்சுட்டு உக்காந்துடுவோம். அதெல்லாம் மினிட்ஸ் புக்ல இருக்கு, வேணுங்கறவங்க பாத்துக்கலாம், வரவு செலவு கணக்கை எனக்கப்புறம் பொருளாளர் வாசிப்பார். நான் இந்த தடவை பண்டிகை லீவு சீசன்ல எடுத்த வேலையைப் பத்தித்தான் பேசப் போறேன், ஏன்னா இந்த வருஷம் சங்கம் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்குன்னா அது இதுதான்னு மனசார நம்புறேன்.

முதல்ல போன சீசன்ல நடந்ததை சொல்லிடறேன். "நம்ம ஏரியா கடையில வாங்குங்க"ன்னு போஸ்டர் அடிச்சோம், குரூப்ல தினமும் மெசேஜ் போட்டோம், நீங்களும் போனீங்க, ஆனா எல்லாரும் கடைசி நாலஞ்சு நாள்லதான் போனோம். சீசன் முடிஞ்சதும் கடைக்காரங்களை உக்கார வெச்சு எப்படி இருந்துச்சுன்னு கேட்டோம். தையல் கடை அக்கா சொன்னாங்க, "கூட்டம் வந்தது சந்தோஷம்தான், ஆனா எனக்கு ரெண்டு கைதானே இருக்கு, பாதிப் பேரை திருப்பி அனுப்பிட்டேன், அவங்க அப்புறம் வரவே இல்ல"ன்னு. பொம்மைக் கடை அண்ணனுக்கு நேர் எதிரான பிரச்சனை. அவர் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே கடனுக்கு சரக்கு எடுத்து வெச்சிருந்தார், எது ஓடும்னு தெரியாம எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்ததுல ஓடினது சீக்கிரம் தீர்ந்துபோச்சு, ஓடாதது அப்படியே தங்கிடுச்சு, சீசன் முடிஞ்ச கையோட சப்ளையர் பணம் கேட்டு வந்து நிக்கிறார். வித்த காசு முழுக்க பழைய கடனுக்கே போயிடுச்சுன்னு அவர் சொன்னப்போ எங்க யாருக்கும் பேச்சே வரல.

அப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. சின்னக் கடைக்கு நாம எவ்வளவு வாங்கறோம்ங்கறது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் எப்ப வாங்கறோம், எப்ப காசு கொடுக்கறோம்ங்கறது. பெரிய கடைக்கு பேங்க் லிமிட் இருக்கும், மீந்த சரக்கை இன்னொரு கிளைக்கு தள்ளிடுவாங்க, இவங்களுக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. அதனால இந்த வருஷம் போஸ்டர் அடிக்கறதை விட்டுட்டு ஆர்டர் லிஸ்ட் எடுத்தோம். சீசனுக்கு ரொம்ப முன்னாடியே வீடு வீடாப் போய், என்ன வாங்கப் போறீங்க, எதை தைக்கக் கொடுக்கப் போறீங்க, எதை ரிப்பேர் பண்ணணும்னு எழுதி வாங்கி, ஒரு பகுதி அட்வான்ஸோட கடைக்காரங்ககிட்ட கொடுத்தோம். அந்த அட்வான்ஸ்லதான் நிறைய பேர் சரக்கு எடுத்தாங்க, வட்டிக்கு வாங்கறது குறைஞ்சுது. தையல் அக்கா வேலையை வாரக்கணக்குல பிரிச்சுக்கிட்டாங்க, உதவிக்கு ஒரு ஆளும் போட்டுக்கிட்டாங்க.

எல்லாமே நல்லா போச்சுன்னு சொல்ல மாட்டேன். அட்வான்ஸ் இல்லாம வாய் வார்த்தையா ஆர்டர் கொடுத்தவங்க சில பேர் ஆன்லைன்ல ஆஃபர் பாத்ததும் கேன்சல் பண்ணிட்டாங்க, அது கடைக்காரர் தலையில விழுந்துச்சு. அதனால அடுத்த வருஷம் அட்வான்ஸ் இல்லாம ஒரு ஆர்டர் கூட லிஸ்ட்ல ஏறக்கூடாதுங்கறது என் கருத்து. அதே மாதிரி, தெரிஞ்ச கடைதானேன்னு பில்லுல பேரம் பேசறது, அடுத்த மாசம் தரேன்னு சொல்றது, இதை தயவுசெஞ்சு விட்டுடணும்னு கேட்டுக்கிறேன். தெரிஞ்சவங்கன்னா முழுசா கொடுக்கணும், உடனே கொடுக்கணும், அதுதான் ஆதரவு.

செயற்குழுவுல ஒரு விவாதம் நடந்துச்சு, அதையும் பதிவு பண்றேன். அமெரிக்காவுல 2010ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு கம்பெனி 'ஸ்மால் பிசினஸ் சாட்டர்டே'ன்னு ஒரு நாளை ஆரம்பிச்சாங்க, அங்க தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்து பெரிய கடைகள்ல தள்ளுபடி நடக்கிற வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் சின்னக் கடைக்குப் போங்கன்னு, பிரிட்டன்லயும் 2013ல இருந்து டிசம்பர் முதல் சனிக்கிழமை நடத்தறாங்க, நாமளும் அப்படி ஒரு நாள் வெக்கலாமேன்னு இளைஞர் குழு கேட்டாங்க. நல்ல யோசனைதான், ஜனங்க கவனம் திரும்பும். ஆனா ஒரே நாள்ல கூட்டத்தைக் கூட்டினா தையல் அக்கா சொன்ன பிரச்சனை திரும்பவும் வரும். அதனால அந்த நாளை சீசனோட ஆரம்பத்துலயே வெச்சு, அன்னைக்கு ஆர்டர் கொடுக்கற நாள்னு மாத்திக்கலாம்னு முடிவாச்சு.

இன்னொரு கேள்வியும் வந்துச்சு, ரொம்ப நியாயமான கேள்வி. "கடைக்காரரும் சரக்கை வெளியில இருந்துதானே வாங்கறார், அப்ப நம்ம காசு இங்க எங்க தங்குது"ன்னு ஒரு உறுப்பினர் கேட்டார். லண்டன்ல இருக்கிற நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் இதை அளக்க எல்எம்3 (லோக்கல் மல்டிப்ளையர் 3)ன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, காசு மூணு கை மாறுற வரைக்கும் பாக்கறது. உதாரணத்துக்கு நாம கொடுத்த 100ல கடைக்காரர் 60ஐ ஏரியாவுக்குள்ளயே சம்பளம், வாடகை, ரிப்பேர்னு செலவு பண்றார்னு வெச்சுக்குங்க, அதை வாங்கினவங்களும் அதே விகிதத்துல இங்கயே செலவு பண்ணா அது 36, மொத்தம் 196, அதை முதல்ல கொடுத்த 100ஆல வகுத்தா நம்பர் 1.96. அதுவே 20தான் உள்ள தங்குதுன்னா 100, 20, 4, மொத்தம் 124தான், நம்பர் 1.24 ஆயிடும். அதனால அந்த உறுப்பினர் கேட்டது சரிதான், வாங்கி விக்கிற கடையில சரக்கு விலை வெளிய போயிடுது. ஆனா தையல், முடி வெட்டறது, செருப்பு தைக்கறது, பிரிண்டிங், போட்டோ, ரிப்பேர் இதுலயெல்லாம் பெரும்பகுதி ஆள் கூலிதான், அந்த கூலி நம்ம பக்கத்து வீட்டுக்குத்தான் போகுது. இதை வெச்சுத்தான் ஆர்டர் லிஸ்ட்ல கைவேலைக்காரங்களை முதல் பக்கத்துல போட்டோம். அந்த கேள்வி வரலேன்னா எங்களுக்கு இது தோணியிருக்காது, கேட்டவருக்கு நன்றி.

இப்ப மனசுக்கு கஷ்டமான ஒரு விஷயம். ஆர்டர் லிஸ்ட் சம்பந்தமா பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போனப்போ, போன வருஷம் நாம அடிச்ச அதே போஸ்டருக்கான பில் இன்னும் பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுது. உள்ளூர் கடையை ஆதரிங்கன்னு அடிச்ச போஸ்டருக்கே நாம காசு கொடுக்கல. அவர் ஒரு தடவை கூட கேக்கல, சங்கத்துக்கிட்ட எப்படி கேக்கறதுன்னு கூச்சமா இருந்துச்சுன்னு சொன்னார். பில் என் ஃபைல்லதான் இருந்துச்சு, பொருளாளர்கிட்ட நான் கொடுக்கவே இல்ல, தப்பு என்னோடது, இந்த சபையில மன்னிப்பு கேட்டுக்கிறேன். அன்னைக்கே செட்டில் பண்ணிட்டோம். இனிமே எந்த பில் வந்தாலும் 15 நாளுக்குள்ள பணம் போயிடணும்னு செயற்குழு தீர்மானம் போட்டிருக்கு.

சிரமத்துல இருக்கிற குடும்பங்களுக்கு முன்னெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி பார்சல் கட்டிக் கொடுப்போம். அதுல பாதி பொருள் அவங்களுக்குத் தேவையே இருக்காது. இந்த வருஷம் நன்கொடைப் பணத்துல கடைகள்ல கூப்பன் வாங்கிக் கொடுத்தோம், வேணுங்கறதை அவங்களே எடுத்துக்கிட்டாங்க, கடைக்காரருக்கும் காசு முன்னாடியே வந்துடுச்சு. கூப்பன்ல சங்கத்தோட பேரோ சீலோ எதுவும் வேண்டாம்னு மகளிர் குழு உறுதியா நின்னாங்க, காசு கொடுத்து கிஃப்டுக்கு வாங்கற கூப்பன் மாதிரியே இருக்கணும், பில் போடற இடத்துல யாரும் தலை குனியக்கூடாதுன்னு. ரொம்ப சரி. எக்ஸ்பைரி தேதியும் போடல, தேதி தாண்டினா அந்தப் பணம் யாருக்குப் போய் சேரணுமோ அவங்களுக்குப் போகாது.

தனியா இருக்கிற பெரியவங்களுக்கு லீவு நாள்தான் ரொம்ப கஷ்டம், வேலைக்கு வர்றவங்க வர மாட்டாங்க, மருந்துக் கடை திறந்திருக்கான்னு தெரியாது. எந்த கடை எந்த நாள்ல எத்தனை மணி வரைக்கும்னு ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல அடிச்சு கதவு கதவா கொடுத்தோம். இந்த ஒரு பேப்பருக்கு வந்த நன்றி மாதிரி வேற எதுக்கும் வரல. அடுத்த தடவை பிளம்பர், எலக்ட்ரீஷியனையும் சேக்கணும்.

அடுத்த வருஷத்துக்கான பிளானிங் கூட்டத்தை ஜூன் 27 வெக்கலாம்னு முன்மொழியறேன். ஐநா சபை 2017ல சிறு குறு நடுத்தர தொழில்களுக்குன்னு அறிவிச்ச நாள் அது, அதோட கடைக்காரங்க சரக்குக்கு யோசிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாம உக்காந்தாத்தான் அட்வான்ஸ் சரியான நேரத்துல போய் சேரும்.

வீடு வீடா ஏறி இறங்கின தம்பி தங்கச்சிகளுக்கும், மகளிர் குழுவுக்கும், நம்மள நம்பி மனசு விட்டுப் பேசின கடைக்காரங்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையை பொதுக்குழு ஏத்துக்கணும்னு கேட்டுக்கிறேன். கடைங்க பாக்கி யாராவது வெச்சிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க, இப்ப பொருளாளர் கணக்கு வாசிப்பார்.