கைத்தொழில் உண்டு, சான்றிதழ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

2030ஆம் ஆண்டுக்குள் இலங்கை இராணுவத்தின் ஆட்பலத்தை ஒரு இலட்சமாகக் குறைப்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்த திட்டம் இது. ஆட்களைக் குறைப்பது சரி, வெளியே வருகிறவர்கள் எதைக் காட்டி வேலை கேட்பார்கள்? எங்கள் கராஜுக்கு ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் வேலை தேடி வந்தார். 22 வருடம் இராணுவ லொறிகளைப் பழுதுபார்த்தவர். நின்றிருந்த லொறியின் சத்தத்தைக் கேட்டே இன்ஜெக்டரில்தான் கோளாறு என்றார். கழற்றிப் பார்த்தால் அதுவேதான். அவருக்குச் சம்பளம் கொடுக்க எங்களுக்கு வசதியில்லை. பெரிய இடங்களிலோ என்விகியூ (NVQ) எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கேட்டார்கள். இப்போது ஒரு கடை வாசலில் காவலாளியாக நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் மனது கேட்பதில்லை.

அனுபவத்தை வைத்தே திறமையைச் சோதித்து என்விகியூ சான்றிதழ் கொடுக்கும் முன்கற்றல் அங்கீகார முறை நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சேவையின் கடைசி ஆண்டிலேயே, சீருடையில் இருக்கும்போதே, இந்த மதிப்பீட்டை நடத்தி அதன் கட்டணத்தைப் பாதுகாப்பு அமைச்சு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கராஜ் உரிமையாளர் ஒருவர்,
ஹட்டன்